சர்வருக்கு ஏற்ற லினக்ஸ் எது?

7-ஐ 2-ஆல் வகுத்தால் விடை என்ன? மூன்றரை என்று உடனே கூறிவிடுவீர்கள். இதே கணக்கைப் பைதான் என்னும் கணிப்பொறி மொழியில் 7/2 என்று எழுதிக் கொடுத்துப் பார்ப்போம். பைதான் 2 தரும் விடை 3. பைதான் 3 தரும் விடை 3.5. இரண்டிலும் பிழை இல்லை. முழு எண்ணை முழு எண்ணால் வகுக்கும்பொழுது ஈவின் முழுப் பகுதியை மட்டும் தருவது முன்னதன் விதி. பின்னத்தையும் சேர்த்துத் தருவது பின்னதன் விதி.

ஒரு பள்ளியில் மாணவர்களின் சராசரி மதிப்பெண்ணைக் கணக்கிடும் நிரல் ஒன்று பைதான் 2-க்காக எழுதப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஒரு நாள் கணிப்பொறியில் பைதான் 3 இடம்பெறுகிறது. பழைய நிரலில் ‘பிரிண்ட்’ கட்டளை அடைப்புக்குறி இன்றி எழுதப்பட்டிருந்தால் நிரல் ஓடாமல் நின்றுவிடும். அது நல்லதே, பிழை இருப்பது நமக்குத் தெரிந்துவிடும். ஆனால் வகுத்தல் கணக்கு நிற்பதில்லை. நிரலில் ஓர் எழுத்தும் மாறாதிருக்க, விடை மட்டும் ஓசையின்றி மாறிவிடும்.

பைதான் 3 வெளிவந்தது 2008 டிசம்பரில். பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் நாளோடு முடிந்தது. இடைப்பட்ட பதினோர் ஆண்டுகளில் உலகெங்கும் எண்ணற்ற நிரல்களைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. ஒரு மென்பொருளின் பதிப்பு மாறும்பொழுது அதை நம்பியுள்ள மற்றவை என்ன ஆகும் என்னும் கேள்வியைப் பதிப்புப் பொருத்தம் என்பர். தேர்வு முடிவுகள், மருத்துவமனைப் பதிவுகள், வங்கிக் கணக்குகள் ஆகியவற்றைக் காத்து நிற்கும் கணிப்பொறிகளில் இக்கேள்வி மிக முக்கியமானது. அத்தகைய கணிப்பொறிக்கு எந்த லினக்ஸைத் தேர்ந்தெடுப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சர்வரும் வழங்கலும்

பல கணிப்பொறிகளும் கைப்பேசிகளும் கேட்பவற்றை இரவு பகலாக அனுப்பித் தந்துகொண்டிருக்கும் கணிப்பொறியைச் சர்வர் என்கிறோம். பெரும்பாலும் அதன் முன் யாரும் அமர்ந்திருப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் அது தானாக ஓட வேண்டும்.

உலகின் சர்வர்களில் மிகப் பலவற்றில் ஓடுவது லினக்ஸ். 1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் இதனைத் தொடங்கினார். அவர் எழுதியது கெர்னல் எனப்படும் கருப் பகுதி. நினைவகம், வட்டு, வலைத் தொடர்பு ஆகியவற்றை நிரல்களுக்குப் பங்கிட்டுத் தருவது அதன் பணி. கருவை மட்டும் வைத்துக்கொண்டு நாம் எதுவும் செய்ய முடியாது. கோப்புகளைக் கையாளும் கருவிகள், மொழிகள், நிரல் நூலகங்கள் எனப் பலவும் உடன் வேண்டும். அவற்றையெல்லாம் திரட்டி, ஒன்றோடொன்று பொருந்தும் பதிப்புகளாகத் தேர்ந்து, சோதித்து, ஒரே தொகுப்பாகத் தருவதற்கு லினக்ஸ் வழங்கல் என்று பெயர். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன், மற்றும் ரெட் ஹாட், உபுண்டு, பெடோரா, ஆர்ச் ஆகியவை புகழ்பெற்ற வழங்கல்கள். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் இந்திய வழங்கல் டெபியனிலிருந்து பிறந்தது.

இத்தொகுப்பிலுள்ள ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாகக் கட்டப்பட்டிருக்கும். 2025-இல் வெளிவந்த டெபியன் 13-இல் 69,000-க்கும் அதிகமான பொதிகள் உள்ளன. எந்தப் பொதியுடன் எந்தப் பொதியின் எந்தப் பதிப்பு சேரும் என்று பார்த்துப் பொருத்தி வைப்பதுதான் வழங்கலை உருவாக்குவோர் நமக்குச் செய்யும் பேருதவி.

போல்ட்டும் நட்டும்

இயந்திரக் கடையில் 8 மில்லிமீட்டர் போல்ட் கேட்டால் கடைக்காரர் ‘எந்தப் புரி?’ என்று திருப்பிக் கேட்கக்கூடும். திருகு அளவியைக் கையாண்டபொழுது புரியிடைத் தூரம் பற்றிப் படித்திருப்பீர்கள். 8 மில்லிமீட்டர் போல்ட்டில் 1.25 மில்லிமீட்டர் புரியிடைத் தூரம் உள்ளதும் உண்டு, 1 மில்லிமீட்டர் உள்ளதும் உண்டு. விட்டம் ஒன்றே. ஆயினும் ஒன்றின் நட்டு மற்றொன்றில் ஏறாது. வலிந்து ஏற்றினால் புரி தேய்ந்துபோகும்.

நிரல்களும் நூலகங்களும் இப்படியே. நிரல் நூலகம் என்பது பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் ஆயத்தப் பகுதிகளின் தொகுதி. லினக்ஸில் ஏறக்குறைய எல்லா நிரல்களுக்கும் அடிப்படையாக விளங்குவது சி நூலகம். புதிய பதிப்பு வரும்பொழுது அதில் புதிய பகுதிகள் சேரும், பழையவையும் பாதுகாக்கப்படும். ஆகவே பழைய நூலகத்தின் மீது கட்டிய நிரல் புதிய நூலகத்தின் மீது ஓடும். புதியதன் மீது கட்டிய நிரலோ, பழையதன் மீது பெரும்பாலும் ஓடாது; தனக்கு வேண்டிய பகுதி அங்கே இல்லை என்று கூறி நின்றுவிடும். பொருத்தம் என்பது இங்கே ஒருவழிப் பாதை.

சில வழங்கல்கள் தம்முடன் கொணர்ந்த பதிப்புகளைப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் வழங்கல், வெளிவந்த ஆண்டு, பைதான் பதிப்பு, சி நூலகப் பதிப்பு என்னும் வரிசையில் தரப்பட்டுள்ளது.

ரெட் ஹாட் 8 — 2019 — 3.6 — 2.28
டெபியன் 11 — 2021 — 3.9 — 2.31
உபுண்டு 22.04 — 2022 — 3.10 — 2.35
ரெட் ஹாட் 9 — 2022 — 3.9 — 2.34
டெபியன் 12 — 2023 — 3.11 — 2.36
உபுண்டு 24.04 — 2024 — 3.12 — 2.39
ரெட் ஹாட் 10 — 2025 — 3.12 — 2.39
டெபியன் 13 — 2025 — 3.13 — 2.41

இங்கே ஓர் எச்சரிக்கை. பதிப்பு எண்ணிலுள்ள புள்ளி தசமப் புள்ளி அன்று. 3.10 என்பது 3.1 ஆகாது, 3.9-க்கு அடுத்து வந்த பதிப்பு அது. ‘மூன்று, பத்து’ எனப் பிரித்துப் படிக்க வேண்டும். இடப்புற எண் மாறினால் பெரிய மாற்றம், வலப்புறம் செல்லச் செல்லச் சிறிய மாற்றம் என்பது பொதுவான வழக்கம். எல்லா மென்பொருள்களும் இவ்வழக்கத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றுவதில்லை.

பட்டியலில் இன்னொன்றையும் கவனித்தீர்களா? ஒரே ஆண்டில் வந்த உபுண்டு 22.04-இல் பைதான் 3.10 இருக்க, ரெட் ஹாட் 9-இல் 3.9 உள்ளது. பின்தங்கியதால் அல்ல; முன்பே தேர்ந்து, நெடுநாள் சோதித்த பதிப்பையே ரெட் ஹாட் வைத்துக்கொண்டது.

மாறும் வேகம்

வழங்கல்களை அவற்றின் பொதிகள் மாறும் வேகத்தைக்கொண்டு மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை மெல்ல மாறுவது. டெபியனில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதிய நிலைப் பதிப்பு வரும். வெளியீட்டுக்குச் சில மாதங்களுக்கு முன்பே பொதிகளை ‘உறைய’ வைத்துவிடுவார்கள். அதன்பின் பிழைதிருத்தம் தவிர வேறு மாற்றம் இல்லை. வெளிவந்தபின் மூன்று ஆண்டு முழுப் பராமரிப்பும், அதன்பின் மேலும் இரண்டு ஆண்டு நீடித்த பராமரிப்பும் உண்டு. உபுண்டுவில் இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரல் மாதத்தில் நீண்டகால ஆதரவுப் பதிப்பு வருகிறது. 22.04 என்றால் 2022-ஆம் ஆண்டு 4-ஆம் மாதம். இதற்கு ஐந்து ஆண்டுப் பொதுவான பராமரிப்பு உண்டு. ரெட் ஹாட் நிறுவனம் தன் வழங்கலைக் கட்டணச் சந்தாவுக்குத் தருகிறது; பராமரிப்புக் காலம் பத்து ஆண்டு.

இரண்டாம் வகை விரைவில் மாறுவது. பெடோரா ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும். ஒரு பதிப்புக்கு ஏறக்குறைய பதின்மூன்று மாதமே ஆதரவு.

மூன்றாம் வகை ஓயாமல் மாறுவது. ஆர்ச் இத்தகையது. இதற்குப் பதிப்பு எண்ணே கிடையாது. மென்பொருள் எழுதியவர் புதிய பதிப்பை வெளியிட்ட சில நாள்களில் அது உங்கள் கணிப்பொறிக்கு வந்து சேரும்.

புதியதில்தானே பிழைகள் திருத்தப்பட்டிருக்கும்? பழையதை வைத்துக்கொண்டிருப்பது ஆபத்தன்றோ? என்று நீங்கள் கேட்கலாம். இது நல்ல கேள்வி. உண்மையில் நடந்த இரு நிகழ்ச்சிகளைக்கொண்டு இதனை ஆராய்வோம்.

எண் மாறாத திருத்தம்

வலைத்தளங்களுடன் நாம் பரிமாறும் கடவுச்சொற்களை மறைகுறியாக்கம் செய்யப் பெரிதும் பயன்படும் நூலகம் ஓப்பன் எஸ்எஸ்எல். அதில் ஹார்ட்பிளீட் என்னும் பெரும் ஓட்டை இருந்தது 2014 ஏப்ரல் 7-ஆம் நாள் வெளியானது. தொலைவிலிருக்கும் ஒருவர் தந்திரமான ஒரு கேள்வியை அனுப்பி, சர்வரின் நினைவகத்திலிருந்து ஒரு முறைக்கு 64 கிலோபைட் வரை உருவ முடிந்தது. அதில் கடவுச்சொற்களும் இருக்கலாம். மறைகுறியீட்டின் திறவுகோலே இருக்கலாம்.

ஓட்டை இருந்தது 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையிலான பதிப்புகளில். திருத்தம் பெற்ற பதிப்பு 1.0.1ஜி. அப்போதைய டெபியன் 7-இல் இருந்தது 1.0.1இ. அப்படியானால் டெபியன் பயன்படுத்தியோர் ‘ஜி’ பதிப்புக்கு மாறினார்களா? இல்லை. டெபியன் குழுவினர் ஓட்டையை அடைக்கும் சில வரிகளை மட்டும் எடுத்துப் பழைய ‘இ’ பதிப்பிலேயே ஒட்டு வைத்துத் தந்தார்கள். பெயர் ‘இ’ என்றே நின்றது. பின்னால் வரும் டெபியனின் சொந்த எண் மட்டும் மாறியது. ரெட் ஹாட் 6-இலும் இவ்வாறே நடந்தது. கிழிந்த இடத்தில் மட்டும் தையல் போட்டுச் சட்டையை மாற்றாமல் விடுவது போன்றது இது. புதிய பதிப்பின் திருத்தத்தைப் பழையதற்குக் கொணர்வதால் இதனைப் பின்கொணர்தல் எனலாம்.

மெல்ல மாறும் வழங்கலின் சிறப்பு இதில்தான் உள்ளது. ஓட்டை அடைபடுகிறது, மற்ற எதுவும் அசைவதில்லை. அதை நம்பியுள்ள நிரல்கள் முன்போலவே ஓடுகின்றன. பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து ‘இது பழையது, ஓட்டை உள்ளது’ என முடிவு செய்தல் தவறு என்பதும் இதனால் விளங்கும். அன்றைய டெபியன் 6-இல் இன்னும் பழைய 0.9.8 பதிப்பு இருந்தது. இந்த ஓட்டை தோன்றுவதற்கு முன்பே எழுதப்பட்டது என்பதால் அது பாதிக்கப்படவே இல்லை.

அரை வினாடித் தாமதம்

இரண்டாம் நிகழ்ச்சி 2024 மார்ச்சில் நடந்தது. ஆண்ட்ரெஸ் பிராயண்டு என்னும் மென்பொருள் வல்லுநர் டெபியனின் சோதனைப் பதிப்பில் வேலை செய்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழையும் வாயில் வழக்கமாக 0.3 வினாடியில் விடை தரும். அன்று 0.8 வினாடி ஆயிற்று. ‘அரை வினாடிதானே’ என்று அவர் விட்டுவிடவில்லை. காரணத்தைத் தேடிச் சென்றபொழுது, கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் ‘எக்ஸ்-இசட்’ என்னும் கருவியின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுக் கள்ளவழி ஒன்றைப் புதைத்து வைத்திருப்பது தெரிந்தது. மார்ச் 29 அன்று அவர் அதை உலகுக்கு அறிவித்தார். அளவீட்டில் காணும் சிறு வேறுபாட்டைப் புறக்கணிக்கலாகாது என்று ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் கூறுவதன் பொருள் இங்கே தெரிகிறதல்லவா?

அந்தக் கள்ளப் பதிப்புகள் அப்பொழுது எங்கே சென்று சேர்ந்திருந்தன? டெபியனின் சோதனைக் கிளைகளிலும், பெடோராவின் முன்னோடிக் கிளைகளிலும், ஓயாமல் மாறும் சில வழங்கல்களிலும். டெபியனின் நிலைப் பதிப்பையும் ரெட் ஹாட்டையும் அவை எட்டவில்லை. மெல்ல மாறியதால் கிடைத்த காலமே அவற்றைக் காத்தது.

ஆனால் இதிலிருந்து ‘பழையதே என்றும் நல்லது’ என்னும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. பழையதற்குத் தையல் போட யாரேனும் இருக்கும்வரைதான் அது நல்லது. பராமரிப்புக் காலம் முடிந்த வழங்கலில் புதிதாகக் காணப்படும் ஓட்டை அடைக்கப்படாமலே கிடக்கும்.

துகள் இயற்பியலார் கண்ட அனுபவம்

வாக்குறுதி அளித்த பராமரிப்புக் காலம் இடையில் குறைந்தால் என்ன ஆகும்? இதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

ஜெனீவா அருகேயுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தின் துகள் மோதல் பொறி தரும் தரவுகளை 40-க்கும் மேற்பட்ட நாடுகளிலுள்ள ஏறத்தாழ 170 கணிப்பு மையங்கள் பகிர்ந்து ஆராய்கின்றன. மும்பையின் டாட்டா ஆராய்ச்சி நிலையமும் கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையமும் அவற்றுள் அடங்கும். ஒரே நிரல் எல்லா மையங்களிலும் ஒரே விடையைத் தர வேண்டும். சோதனைகளோ பல்லாண்டு நீள்பவை. ஆகவே 2004-இல் அமெரிக்காவின் பெர்மி ஆய்வுக்கூடமும் செர்னும் சேர்ந்து, ரெட் ஹாட்டின் வெளிப்படையான மூல நிரலிலிருந்து சயின்டிபிக் லினக்ஸ் என்னும் வழங்கலை உருவாக்கின.

2019-இல் பெர்மி ஆய்வுக்கூடம், இதன் 8-ஆம் பதிப்பைத் தனியே உருவாக்கப்போவதில்லை என்றும், அதே முறையில் உருவான சென்ட்-ஓஎஸ் 8-ஐப் பயன்படுத்தலாம் என்றும் அறிவித்தது. சென்ட்-ஓஎஸ் 8-க்கு 2029 வரை பராமரிப்பு இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் 2020 டிசம்பரில் புதிய அறிவிப்பு வந்தது: 2021 டிசம்பர் 31-உடன் அது முடிந்துவிடும்! பத்து ஆண்டு நம்பிக்கை இரண்டரை ஆண்டுக்கும் குறைவாகச் சுருங்கியது. அந்த இடத்தை நிரப்ப 2021-இல் அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் ஆகிய இரண்டும் தோன்றின. 2022 டிசம்பரில் செர்னும் பெர்மி ஆய்வுக்கூடமும் தம் சோதனைகளுக்கு அல்மாலினக்ஸைத் தேர்ந்துகொண்டதாகக் கூட்டாக அறிவித்தன.

நிறுவனங்கள் மாறின, ஆயினும் ஆய்வாளர்களின் நிரல்களைப் புதிதாக எழுத வேண்டியதாகவில்லை. ஏன்? சென்ட்-ஓஎஸ், அல்மா, ராக்கி ஆகிய மூன்றும் ரெட் ஹாட்டின் அதே பதிப்புகளைப் பின்பற்றியவை. போல்ட்டைச் செய்யும் ஆலை மாறினாலும் புரியிடைத் தூரம் மாறவில்லை. ஒரு வழங்கலைத் தேர்ந்தெடுக்கும்பொழுது, அதற்கு ஈடான மாற்று உண்டா என்று பார்த்துக்கொள்வது எவ்வளவு பயன்தரும் என்பதை இது காட்டுகிறது.

பழையதும் புதியதும் ஒன்றாக

சர்வர் அசையாதிருக்க வேண்டும். ஆனால் அதில் ஓடும் ஒரு நிரலுக்கு மட்டும் புதிய பைதான் வேண்டும். என்ன செய்வது? வழங்கலுடன் வந்த பைதானை நீக்கிவிட்டுப் புதியதை வைத்தால், அதை நம்பியிருக்கும் வழங்கலின் சொந்தக் கருவிகளே செயலிழக்கக்கூடும். ஆகவே புதியதைத் தனி அறையில் வைப்பதே முறை. இதற்கு மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, பைதானின் மெய்நிகர்ச் சூழல். ஒவ்வொரு நிரலுக்கும் வேண்டிய பைதான் நூலகங்களைத் தனித்தனிக் கோப்புறையில் வைத்தல். டெபியன் 12 முதல், பொது இடத்தில் நேரடியாக நூலகங்களை நிறுவ முயன்றால், கணிப்பொறியே தடுத்து இவ்வழியைச் சுட்டிக்காட்டும்.

இரண்டு, கன்டெய்னர். நிரலையும் அதற்கு வேண்டிய சி நூலகம் வரையிலான எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து ஓட்டுதல். 2013-இல் வந்த டாக்கர் என்னும் கருவி இதனைப் பரப்பியது. பெட்டிக்குள் டெபியன் 13 இருக்கலாம். வெளியே அல்மாலினக்ஸ் 9 இருக்கலாம். இரண்டும் பகிர்ந்துகொள்வது வெளியிலுள்ள கெர்னலை மட்டுமே. கெர்னலை மாற்றும்பொழுது அதன் மேல் ஓடும் நிரல்கள் பழுதாகக் கூடாது என்பதில் டோர்வால்ட்ஸ் கண்டிப்பானவர். அதனாலேயே இந்த ஏற்பாடு இயலுகிறது. ஆனால் ஒன்றை மறக்கலாகாது: வெளியே தையல் போட்டாலும் பெட்டிக்குள் இருக்கும் கிழிசல் அடைபடாது. பெட்டியையும் அவ்வப்போது புதிதாகக் கட்ட வேண்டும்.

மூன்று, நிக்ஸ் என்னும் முறை. இதில் ஒரே நூலகத்தின் பல பதிப்புகள் வெவ்வேறு முகவரிகளில் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும். ஒவ்வொரு நிரலும் தனக்குரியதை மட்டும் நாடும். கற்றுக்கொள்ளச் சற்றுக் கடினமானது.

தேர்ந்தெடுக்கும் முறை

இனி, தேர்வுக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளைத் தொகுத்துக்கொள்வோம்.

1. இந்தச் சர்வர் எத்தனை ஆண்டு மாறாமல் ஓட வேண்டும்? வழங்கலின் பராமரிப்புக் காலம் அதைவிடக் குறைவாக இருக்கலாகாது.

2. ஓட வேண்டிய நிரல்களுக்கு எந்தப் பதிப்புகள் வேண்டும்? நிரல்களின் பட்டியலை முதலில் எழுதிப் பிறகு வழங்கலைத் தேடுங்கள்.

3. ஓட்டைகளை யார் அடைப்பார்கள்? தன்னார்வலர் குழுவா, நிறுவனமா? அவர்கள் நின்றுவிட்டால் மாற்று என்ன?

4. அடுத்த பதிப்புக்கு மாறும் நாளில் முன்கூட்டிச் சோதித்துப் பார்க்க வசதி உண்டா?

இவற்றுக்கு விடை எழுதிவிட்டால் ‘எந்த லினக்ஸ் சிறந்தது?’ என்னும் கேள்விக்கு இடமே இராது. எந்த வேலைக்கு எது பொருந்தும் என்பது தானே தெளிவாகும்.

பயிற்சி

கீழ்க்கண்டவற்றுக்கு நீங்களே விடை கண்டு, பிறகு கீழேயுள்ள விடைகளுடன் ஒப்பிடுங்கள்.

அ. ஒரு கல்லூரியின் மதிப்பெண் பதிவேடு எட்டு ஆண்டுகளுக்கு மாறாமல் ஓட வேண்டும். எத்தகைய வழங்கல் ஏற்றது?

ஆ. டெபியன் 13-இல் கட்டிய நிரலை ரெட் ஹாட் 9 உள்ள சர்வருக்கு அனுப்பினால் ஓடுமா?

இ. மிகப் புதிய மொழிக் கருவிகளைக் கற்க விரும்பும் மாணவரிடம் முக்கியத் தரவு எதுவும் இல்லாத உதிரிக் கணிப்பொறி ஒன்று உள்ளது. அவருக்கு எது ஏற்றது?

ஈ. பைதான் 3-இலும் 7-ஐ 2-ஆல் வகுத்து 3 என்னும் விடை பெற முடியுமா?

விடைகள்: (அ) பத்து ஆண்டுப் பராமரிப்புள்ள ரெட் ஹாட் அல்லது அதை ஒத்த அல்மா, ராக்கி. (ஆ) பெரும்பாலும் ஓடாது. அங்கே சி நூலகம் 2.41, இங்கே 2.34. ரெட் ஹாட் 9-இலேயே, அல்லது அதைவிடப் பழைய நூலகமுள்ள ஒரு கன்டெய்னரில் கட்டி அனுப்ப வேண்டும். (இ) பெடோரா அல்லது ஆர்ச். பழுதானாலும் இழப்பில்லை, பழுதைச் சரிசெய்வதும் ஒரு பாடமே. (ஈ) முடியும். 7//2 என இரு சாய்கோடுகள் இட வேண்டும். பள்ளிக் கணிப்பொறியில் இரண்டையும் தட்டிப் பாருங்கள். அப்படியே அதிலுள்ள பைதானின் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.